டீபக்கர்ல வேரியபிள் பேரை அடிச்சா ப்ரோக்ராம் ஓடிப்போகுதா? பேர் மோதலை கண்டுபிடிச்சு தாண்டறது எப்படி

ப்ரோக்ராமை நடுவுல நிறுத்தி உள்ள என்ன இருக்குன்னு பாக்கற கருவி தான் டீபக்கர். டெர்மினல்ல அதை புதுசா ஓட்டிப் பாக்கறவங்க எல்லாருமே சீக்கிரமே போய் முட்டற இடம் இது. பிரேக்பாயின்ட்ல, அதாவது நிறுத்தச் சொன்ன வரில, வந்து ப்ரோக்ராம் அழகா நிக்குது, 'சி'ங்கற வேரியபிள்ல என்ன இருக்குன்னு பாக்கலாம்னு 'சி' அடிச்சு என்டர் தட்டறோம், மதிப்பு எதுவும் வரல, ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடி முடிஞ்சு போயிடுது. ஏன்னா டீபக்கருக்கு 'சி'ன்னா கன்டினியூ. நம்ம வேரியபிள் பத்தி அது யோசிக்கவே இல்ல.

எனக்கு இது 'க்யூ'ல நடந்துச்சு. வரிசையா வேலைகளை வெச்சிருக்கற ஒரு வேரியபிளுக்கு 'க்யூ'னு பேர் வெச்சிருந்தேன், டேட்டா லோட் ஆகவே இருபது நிமிஷம் ஆகும், அது முடிஞ்சு பிரேக்பாயின்ட்ல நின்னதும் 'க்யூ' அடிச்சேன், எல்லாம் மூடிடுச்சு. நம்ம கோடுல தான் ஏதோ க்ராஷ் இருக்குன்னு நெனச்சு திரும்ப ஓட்டினேன், திரும்ப அதே. மூணாவது தடவை தான் 'க்யூ'ன்னா குவிட்னு உறைச்சது. ஒரு மணி நேரம் போச்சு. புதுசா வர்றவங்களுக்கு அந்த நேரம் போகக்கூடாதுன்னு தான் இதை இவ்வளவு விரிவா எழுதறேன்.

ஒரு சின்ன குறிப்பு. கமாண்ட் எல்லாத்தையும் இங்க தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க கீபோர்டுல அதுக்கான ஆங்கில சின்ன எழுத்தை அடிச்சுக்கோங்க. 'பி'னு நான் எழுதற இடமெல்லாம் பிரின்டோட மொத எழுத்து. பிரேக்கோட மொத எழுத்து வந்தா தனியா சொல்லிடறேன், தமிழ்ல ரெண்டும் ஒண்ணு போல வரும்ங்கறதால.

மொதல்ல, மோதல் எங்க நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

நீங்க அடிக்கற ஒரு வரி நேரா உங்க மொழிக்கு போறதில்ல. டீபக்கர் மொதல்ல அந்த வரியோட முன்னாடி இருக்கற சொல்லை எடுத்து 'இது என்னோட கமாண்டா'ன்னு பாக்கும். ஆமான்னா அங்கயே முடிஞ்சது. இல்லன்னா தான், அதை அனுமதிக்கற டீபக்கர்ல, எக்ஸ்பிரஷனா (மதிப்பு தர்ற கோடா) எடுத்து, அந்த மொழியோட இலக்கணப்படி பிரிச்சுப் பாக்கும். பிரிக்கற அந்த இடத்துலயும் சிக்கல் வரலாம், உங்க வேரியபிள் பேர் டீபக்கர் நெனச்சுக்கிட்டு இருக்கற மொழியில கீவேர்டா (மொழியே தனக்குன்னு ஒதுக்கி வெச்ச சொல்லா) இருந்தா. அதையும் தாண்டினா மூணாவதா ஒண்ணு இருக்கு, உங்க பேரை ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ள இருக்கற சின்ன சேமிப்பிடம்) பேராவோ எண்ணாவோ டீபக்கர் எடுத்துக்கறது. ஆக கமாண்ட், கீவேர்ட், ரெஜிஸ்டர் அல்லது எண், இந்த மூணுல எதோட மோதுதுன்னு தெரிஞ்சா தீர்வு தானா தெரியும்.

மூணுலயும் மோசமானது மொத வகை தான். கீவேர்ட்னா எரர் வரும், ஏதோ தப்புன்னு நமக்கு தெரிஞ்சிடும். கமாண்டோட மோதினா பெரும்பாலும் எரரே வராது, டீபக்கர் நீங்க சொன்னதா நெனச்சு வேற வேலையை செஞ்சிட்டு அமைதியா நிக்கும், நம்ம தப்பான இடத்துல நின்னுக்கிட்டு தப்பான மதிப்பை பாத்துக்கிட்டு இருப்போம்.

செஞ்சு பாருங்க: பைத்தானோட பிடிபி

ஒரு ஃபங்ஷன் எழுதி அதுக்குள்ள 'என்'னுக்கு 5, 'சி'க்கு 10 குடுங்க. அதுக்கு கீழ பிரேக்பாயின்ட் ஃபங்ஷனை வெறும் அடைப்புக்குறியோட கூப்பிடுங்க, பைத்தான் 3.7ல இருந்து இது உள்ளயே இருக்கு, எதையும் இம்போர்ட் பண்ண வேண்டாம். அதுக்கும் கீழ நாலஞ்சு வரி சும்மா ஏதாவது பிரின்ட் பண்ற மாதிரி வெச்சுக்கோங்க. ஓட்டுங்க. ப்ராம்ப்ட் வந்துடும்.

இப்ப 'என்' மட்டும் அடிங்க. 5 வராது, அடுத்த வரிக்கு நகர்ந்திருக்கும், ஏன்னா அது நெக்ஸ்ட். இப்ப 'பி என்' அடிங்க. 5 வரும். இந்த கட்டுரையில ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க, எந்த வேரியபிளா இருந்தாலும் முன்னாடி 'பி' போட்டே பாருங்க. பேர் நீளமா இருக்கு, மோதாதுன்னு தெரியும்னாலும் போடுங்க. 'பி' வந்துட்டா அதுக்கு பின்னாடி இருக்கறது எல்லாம் எக்ஸ்பிரஷன் தான்னு டீபக்கருக்கு முடிவாயிடும், அங்க கமாண்ட் தேடாது. வேரியபிளுக்கே 'பி'னு பேர் வெச்சிருந்தா கூட 'பி பி'னு அடிச்சா வேலை செய்யும். டிக்‌ஷனரி, பெரிய லிஸ்ட் மாதிரி இருந்தா 'பிபி'னு ரெண்டு தடவை போட்டா அழகா மடிச்சு காட்டும்.

எந்த எழுத்து எவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. 'க்யூ' மொத்தமா வெளிய தள்ளிடும் (பைத்தான் 3.14ல இருந்து மட்டும் ஒரு தடவை கேட்டுட்டு). 'சி' அடுத்த பிரேக்பாயின்ட் வரைக்கும் ஓட விட்டுடும், இல்லன்னா கடைசி வரைக்கும். 'ஆர்' இப்ப இருக்கற ஃபங்ஷன் திரும்பற வரைக்கும் ஓடும், ரெஸ்பான்ஸ், ரிசல்ட் இதுக்கெல்லாம் சுருக்கமா 'ஆர்'னு பேர் வெக்கறவங்க நிறைய பேர் இருக்கோம், அவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 'எஸ்' ஸ்டெப், 'என்' நெக்ஸ்ட், ரெண்டும் ஒரு அடி நகர்த்தும். 'எல்' சோர்ஸை காட்டும், 'டபிள்யூ' ஸ்டாக்கை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை கூப்பிட்டுச்சுங்கற அடுக்கை, காட்டும், பிரேக்கோட மொத எழுத்து தனியா அடிச்சா பிரேக்பாயின்ட் பட்டியல் வரும், இதெல்லாம் எந்த கெடுதலும் பண்ணாது.

'யூ'வும் 'டி'யும் தான் ஏமாத்தும். அப், டவுன். ப்ரோக்ராம் நகராது, ஆனா நீங்க பாத்துக்கிட்டு இருக்கற ஃப்ரேம், அதாவது அந்த அடுக்குல ஒரு படி, மாறிடும். 'யூ'ங்கற யூசர் வேரியபிளை பாக்கலாம்னு அடிச்சா, கூப்பிட்ட ஃபங்ஷனுக்கு ஏறி நிப்பீங்க, அதுக்கப்புறம் 'பி' போட்டு ஒழுங்கா கேட்டா கூட அந்த பேர்ல வேரியபிளே இல்லன்னு சொல்லும், இல்லன்னா அதே பேர்ல மேல இருக்கற வேற வேரியபிளோட மதிப்பை காட்டும். இப்படி சந்தேகம் வந்தா 'டபிள்யூ' அடிச்சு அம்புக்குறி எந்த ஃப்ரேம்ல நிக்குதுன்னு பாருங்க, வேற எதையும் நம்பறதுக்கு முன்னாடி.

இன்னொண்ணு, வெறும் என்டர் தட்டினா முன்னாடி குடுத்த கமாண்டை திரும்ப செய்யும். தெரியாம 'என்' அடிச்சிட்டு, ஒண்ணும் வரலையேன்னு என்டரை நாலு தடவை தட்டினா நாலு வரி தாண்டியிருக்கும்.

முழு சொல்லும் மோதும்: 'ஆர்க்ஸ்' கதை

ஒத்த எழுத்து பேர் வெக்காதவங்களுக்கும் இது வரும். பிடிபில 'ஆர்க்ஸ்', 'லிஸ்ட்', 'ஹெல்ப்', 'சோர்ஸ்', 'டிஸ்ப்ளே', 'கன்டிஷன்', 'ரன்', 'ரிட்டர்ன்', 'கமாண்ட்ஸ்' எல்லாமே கமாண்ட் பேர். இதுல 'சோர்ஸ்', 'கன்டிஷன்' எல்லாம் ரொம்ப இயல்பா நம்ம வெக்கற பேர் தானே.

இதுல ரொம்ப பேரை குழப்பறது 'ஆர்க்ஸ்'. கமாண்ட் லைன்ல குடுத்ததை பிரிச்சு மெயின் ஃபங்ஷனுக்குள்ள 'ஆர்க்ஸ்'னு ஒரு வேரியபிள்ல வெப்போம். அங்க நிறுத்தி 'ஆர்க்ஸ்' அடிச்சா ஒண்ணுமே வராது, வெறும் ப்ராம்ப்ட் தான் திரும்ப வரும். அடடா எதுவுமே பார்ஸ் ஆகலையேன்னு நம்ம பார்ஸரை போய் நோண்ட ஆரம்பிப்போம். உண்மையில நடந்தது என்னன்னா, அந்த கமாண்டோட வேலை இப்ப இருக்கற ஃபங்ஷனுக்கு வந்த ஆர்குமென்ட்களை காட்டறது, மெயினுக்கு ஆர்குமென்ட்டே இல்ல, அதனால காட்ட ஒண்ணும் இல்ல. 'பி ஆர்க்ஸ்'னு கேட்டா உங்களோடது முழுசா வரும்.

'லிஸ்ட்'டும் அப்படித்தான். ஒரு ஜெனரேட்டரை (மதிப்புகளை ஒண்ணொண்ணா தர்றது) விரிச்சுப் பாக்கலாம்னு லிஸ்ட் போட்டு அடைப்புக்குறிக்குள்ள பேரை குடுத்தா, பழைய வெர்ஷன்ல அதை சோர்ஸ் காட்டற கமாண்டா எடுத்துக்கிட்டு ஆர்குமென்ட் தப்புன்னு சொல்லும். முன்னாடி 'பி' போட்டா சரியாயிடும். ஜெனரேட்டரை இப்படி விரிச்சா அது காலியாயிடும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் ப்ரோக்ராமுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இருக்காது.

மதிப்பை மாத்தணும்னா ஆச்சரியக்குறி

பாக்கறதுக்கு 'பி' போதும், மாத்தறதுக்கு போதாது. பைத்தான்ல சாதாரண '=' அசைன்மென்ட் (மதிப்பு குடுக்கறது) ஒரு எக்ஸ்பிரஷன் இல்ல, அதனால 'பி'க்கு பின்னாடி அதை போட முடியாது. 'என் = 99'னு நேரா அடிச்சா பழைய வெர்ஷன்ல முன்னாடி இருக்கற 'என்'னை மட்டும் எடுத்துக்கிட்டு, மீதியை கண்டுக்காம, அடுத்த வரிக்கு போயிடும். எரர் இல்ல. மதிப்பும் மாறல. நம்ம மாத்திட்டோம்னு நெனச்சுக்கிட்டு மேல போயிட்டு இருப்போம்.

இதுக்கு வரியோட ஆரம்பத்துல ஒரு ஆச்சரியக்குறி போடணும், '!என் = 99' அப்படின்னு. அந்த குறி இருந்தா 'இது கமாண்ட் இல்ல, பைத்தான் தான்'னு பிடிபி எடுத்துக்கும். மாத்தினதும் 'பி என்' போட்டு ஒரு தடவை சரிபாருங்க, ரெண்டு விநாடி வேலை.

பைத்தான் 3.13ல இதை கொஞ்சம் சரி பண்ணிருக்காங்க, கமாண்ட் பேர்ல தொடங்கற எக்ஸ்பிரஷனையும் ஸ்டேட்மென்டையும் சரியா அடையாளம் கண்டுபிடிச்சு ஓட்டும். ஆனா எழுத்தை தனியா அடிச்சா இப்பவும் அது கமாண்ட் தான், வேற மாதிரி இருக்கவும் முடியாது. சர்வர்ல எந்த வெர்ஷன் இருக்கும்னு நம்ம கையில இல்லாததால ஆச்சரியக்குறி பழக்கத்தை விடாதீங்கன்னு தான் சொல்வேன்.

நிறைய தட்டிப் பாக்கணும், ஒவ்வொரு தடவையும் குறி போட முடியலைன்னா 'இன்டராக்ட்'னு அடிங்க. முழு பைத்தான் ப்ராம்ப்டே திறக்கும், அங்க டீபக்கர் கமாண்ட் எதுவும் கிடையாது, 'என்'ன்னா உங்க 'என்' தான். கன்ட்ரோலோட 'டி' (டவுனோட மொத எழுத்து) அழுத்தினா பிடிபிக்கு திரும்பலாம், விண்டோஸ்ல கன்ட்ரோலோட 'இசட்' அழுத்தி என்டர். அங்க குடுக்கற அசைன்மென்ட் மட்டும் நிஜ ப்ரோக்ராமுக்கு போகாது, அது தனி நேம்ஸ்பேஸ், அதாவது பேர்களோட தனி பட்டியல். லிஸ்ட்டுக்குள்ள எதையாவது சேத்தா அது போகும், ஏன்னா அது அதே லிஸ்ட் தான்.

ஜிடிபி: கமாண்டும் கீவேர்டும் சேந்து மோதற இடம்

ஜிடிபி, சி, சி பிளஸ் பிளஸ் மாதிரி மொழிகளுக்கான டீபக்கர். அதுல வெறும் வேரியபிள் பேரை அடிச்சு மதிப்பு பாக்கற வழியே கிடையாது, எப்பவும் 'பி' இல்லன்னா 'பிரின்ட்' வேணும். அதனால பாக்கறப்போ கமாண்டோட மோதறது கம்மி. 'எக்ஸ்'னு தனியா அடிச்சா மட்டும் அது மெமரியை பாக்கற கமாண்ட், உங்க எக்ஸ் இல்ல.

மோதல் 'செட்'ல இருக்கு. ஜிடிபியோட மேனுவல்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. 'வித்'னு, அதாவது அகலம்னு ஒரு வேரியபிள், அதை 47 ஆக்கணும்னு 'செட் வித்=47' அடிச்சா எரர் வரும். ஏன்னா 'செட் வித்'ங்கறது திரையோட அகலத்தை மாத்தற கமாண்ட். இதுவாவது எரர், ஒத்த எழுத்து 'ஜி'யை 4 ஆக்க 'செட் ஜி=4'னு குடுத்தா எந்த சத்தமும் இல்லாம ஏத்துக்கும், ஆனா உங்க 'ஜி' மாறியிருக்காது, ஃபைல் ஃபார்மேட்டை குறிக்கற ஜிஎன்யூடார்கெட்ங்கற செட்டிங் தான் மாறியிருக்கும், அப்புறம் ப்ரோக்ராமை திரும்ப ஓட்டறப்போ சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு எரர் வரும். தீர்வு சுலபம், 'செட் வார்'னு ஆரம்பிங்க. 'செட் வார் ஜி=4'. எல்லா வேரியபிளுக்கும் இப்படியே.

இங்கயே ஒரு எச்சரிக்கை. ஜிடிபில 'பிரின்ட்' பண்றப்போ சிங்கிள் சமக்குறி போட்டா அது நிஜமாவே மதிப்பை மாத்திடும். ஒப்பிட்டுப் பாக்கணும்னு நெனச்சு 'பி எக்ஸ்=5' அடிச்சீங்கன்னா எக்ஸ் 5 ஆயிடுச்சு. ஒப்பிட ரெண்டு சமக்குறி.

இப்ப கீவேர்ட். சி மொழியில 'கிளாஸ்', 'நியூ', 'டெலீட்', 'டெம்ப்ளேட்' எல்லாம் சாதாரண பேர், தாராளமா வேரியபிளுக்கு வெக்கலாம். சி பிளஸ் பிளஸ்ல இதெல்லாம் கீவேர்ட். இப்ப நீங்க நிக்கற ஃப்ரேம் எந்த மொழின்னு பாத்து ஜிடிபி தானாவே மொழியை மாத்திக்கும், அதனால சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷனுக்குள்ள நின்னுக்கிட்டு, ஒரு சி லைப்ரரியோட ஸ்ட்ரக்ட்ல (பல ஃபீல்டை ஒண்ணா கட்டி வெக்கற அமைப்பு) இருக்கற 'கிளாஸ்'ங்கற ஃபீல்டை கேட்டா சின்டாக்ஸ் எரர் வரும். லினக்ஸ்ல விண்டோ வரையற எக்ஸ்லிப் லைப்ரரி இதுக்கு நல்ல உதாரணம், அதோட விஷுவல்ங்கற ஸ்ட்ரக்ட்ல 'கிளாஸ்'னு ஒரு ஃபீல்ட் இருக்கு, சி பிளஸ் பிளஸ்ல கம்பைல் ஆகாதுங்கறதால ஹெடர்லயே அந்த மொழிக்கு மட்டும் 'சி_கிளாஸ்'னு பேரை மாத்தி வெச்சிருக்காங்க. ஆக ஒரே ஃபீல்டுக்கு, எந்த மொழியில கம்பைல் ஆச்சோ அதுக்கேத்த மாதிரி டீபக் தகவல்ல ரெண்டு பேர்ல ஒண்ணு இருக்கும்.

என்ன பண்றது? வரிசையா முயற்சி பண்ணுங்க. மொதல்ல 'இன்ஃபோ லோக்கல்ஸ்' அடிங்க, எல்லா லோக்கல் வேரியபிளும் மதிப்போட வரும், நீங்க பேரையே டைப் பண்ணலைங்கறதால அதை பிரிச்சுப் பாக்கற வேலையே ஜிடிபிக்கு இல்ல, மோதலும் இல்ல. ஃபங்ஷனுக்கு வந்த ஆர்குமென்ட்னா 'இன்ஃபோ ஆர்க்ஸ்'. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள இருக்கற ஃபீல்டுன்னா ஃபீல்டை கேக்காம முழு ஸ்ட்ரக்ட்டையும் 'பி' போட்டு கேளுங்க, உள்ள இருக்கற எல்லா ஃபீல்டும் பேரோட வரிசையா வந்துடும். இது ரெண்டும் போதாம, அந்த பேரை வெச்சு கணக்கு ஏதும் போடணும்னா மட்டும் 'செட் லாங்குவேஜ் சி' குடுத்துட்டு கேளுங்க, வேலை முடிஞ்சதும் மறக்காம 'செட் லாங்குவேஜ் ஆட்டோ' குடுத்துடுங்க, இல்லன்னா அடுத்து சி பிளஸ் பிளஸ் ஆப்ஜெக்ட்டை பாக்கறப்போ வேற குழப்பம் வரும். இப்ப எந்த மொழின்னு தெரியலைன்னா 'ஷோ லாங்குவேஜ்'.

எல்எல்டிபி

மேக்ல எக்ஸ்கோட் வழியா வர்றவங்களுக்கு இந்த டீபக்கர். எல்எல்டிபில 'எக்ஸ்பிரஷன்' கமாண்ட் உள்ள ஒரு முழு கம்பைலரையே வெச்சு உங்க வரியை கம்பைல் பண்ணும், சி கோடா இருந்தாலும் சி பிளஸ் பிளஸ் மாதிரி தான் எடுத்துக்கும், அதனால பழைய வெர்ஷன்கள்ல 'நியூ', 'கிளாஸ்' மாதிரி பேர் வெச்ச சி வேரியபிள் எல்லாம் சிக்கிடும். 'வி' அடிச்சு பேரை குடுங்க. அது 'ஃப்ரேம் வேரியபிள்'ங்கறதோட சுருக்கம், கம்பைலர் பக்கமே போகாது, டீபக் தகவலை பாத்து மெமரில இருந்து நேரா எடுத்துக் காட்டும், வேகமாவும் இருக்கும். ஃபங்ஷன் கூப்பிடறது, கூட்டல் கழித்தல் எல்லாம் மட்டும் அதுல ஆகாது.

விண்டோஸ்ல விண்டிபக்: பேரே எண்ணா மாறற கேஸ்

இது புதுசா வர்றவங்க கொஞ்சமும் எதிர்பாக்காத மோதல். விண்டிபக்ல ஒத்தை கேள்விக்குறி போட்டு கேட்டா மாஸ்ம்ங்கற எவால்யூவேட்டர் தான் ஓடும், அதுல எண்கள் எல்லாம் வழக்கமா 16 அடிமானம். அதாவது ஏ முதல் எஃப் வரைக்கும் எழுத்தும் எண் தான். உங்க வேரியபிள் பேர் 'ஆட்'னு, கூட்டலுக்கான ஆங்கில சொல்லா இருந்தா, ஏ டி டி மூணுமே 16 அடிமான இலக்கம், அதை 2781ங்கற எண்ணா எடுத்துக்க இடம் இருக்கு. 'ஃபேஸ்'னு முகத்துக்கான சொல்லை வெச்சா 64206. 'பேட்', 'ஃபீட்' எல்லாம் இதே குடும்பம் தான். ரெஜிஸ்டர் பேர்ல வேரியபிள் வெச்சாலும் இதே கதை.

லோக்கல் வேரியபிளா இருந்தா பேருக்கு முன்னாடி டாலரும் ஆச்சரியக்குறியும் சேத்து '$!' போடுங்க, குளோபல்னா மாட்யூல் பேர், ஆச்சரியக்குறி, அப்புறம் வேரியபிள் பேர். ரெஜிஸ்டர் தான் வேணும்னா முன்னாடி '@'. இதெல்லாம் ஞாபகம் இருக்காதுன்னா ரெண்டு கேள்விக்குறி போட்டு கேளுங்க, அப்ப சி பிளஸ் பிளஸ் எவால்யூவேட்டர் ஓடும், அதுல எண்கள் வழக்கமா 10 அடிமானம். 'டிவி' (டிஸ்ப்ளே, வேரியபிள் ரெண்டோட மொத எழுத்து) அடிச்சா லோக்கல் எல்லாம் பட்டியலா வரும், நான் எப்பவும் அதுல இருந்து தான் ஆரம்பிக்கறது.

நோட், விஎஸ் கோட்

ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற நோட்ல 'இன்ஸ்பெக்ட்' போட்டு ஓட்டறப்போ 'சி', 'என்', 'எஸ்', 'ஓ' எல்லாம் கமாண்ட். 'எக்ஸெக்' போட்டு பேரை குடுங்க, இல்ல 'ரெப்ல்' அடிச்சு உள்ள போயிடுங்க, வெளிய வர கன்ட்ரோலோட 'சி'.

விஎஸ் கோட் மாதிரி எடிட்டர்ல டீபக் கன்சோல்ல அடிக்கறது நேரா எக்ஸ்பிரஷனா போயிடும், 'என்' அடிச்சா அந்த 'என்' வேரியபிளோட மதிப்பு தான் வரும். அங்கயே பழகிட்டு திடீர்னு சர்வர்ல டெர்மினல்ல போய் நிக்கறப்போ தான் கை பழக்கத்துல வெறும் பேரை அடிச்சு மாட்டிக்கறோம். அதே எடிட்டர்ல சி பிளஸ் பிளஸ் ஓட்டறப்போ ஜிடிபி கமாண்டே குடுக்கணும்னா முன்னாடி '-எக்ஸெக்' போடணும், இது அப்படியே தலைகீழ்.

மொழியே கீவேர்டை பேரா வெக்க விடற இடங்களும் இருக்கு. சி ஷார்ப்ல '@' போட்டு வெக்கலாம், காட்லின்லயும் ஸ்விஃப்ட்லயும் பேக்டிக் குறிக்குள்ள வெக்கலாம். வாட்ச்ல (எடிட்டர் தொடர்ந்து மதிப்பு காட்டற பட்டியல்) சேக்கறப்போ கோடுல எப்படி எழுதினீங்களோ அப்படியே குறியோட எழுதிப் பாருங்க.

பேரை மாத்தணுமா?

டீபக்கருக்காக மூணு வரி லூப்ல இருக்கற 'என்'னை மாத்த வேண்டியதில்லன்னு தான் நான் நெனக்கறேன். ஆனா ஒரு பெரிய ஃபங்ஷன் முழுக்க உயிரோட இருக்கற வேரியபிளுக்கு 'சி', 'க்யூ', 'ஆர்'னு வெக்காதீங்க, படிக்கறவங்களுக்கும் அது நல்லதில்ல.

மாத்த முடியாத பழைய கோடுல வேலை பாக்கறீங்கன்னா ஹோம் டைரக்டரில '.பிடிபிஆர்சி'ங்கற பேர்ல ஒரு ஃபைல் வெச்சு, அதுல 'ஏலியஸ்' போட்டு, கமாண்டா இல்லாத ஒரு சின்ன பேரை எடுத்து, அதுக்கு 'பிபி லோக்கல்ஸ்' ஃபங்ஷன் கூப்பிடறதை குடுத்துடுங்க. பிரேக்பாயின்ட்ல நின்னதும் அந்த பேரை அடிச்சா எல்லா லோக்கலும் மொத்தமா வந்து விழும், எந்த பேர் எதோட மோதுதுன்னு யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு வேரியபிளை தொடர்ந்து கவனிக்கணும்னா 'டிஸ்ப்ளே' போட்டு பேரை குடுத்துடுங்க, அந்த ஃப்ரேம்ல ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் மதிப்பு மாறியிருந்தா தானா காட்டும். ஜிடிபிக்கு இதே மாதிரி '.ஜிடிபிஇனிட்' ஃபைல் இருக்கு, அதுல 'டிஃபைன்' போட்டு 'இன்ஃபோ ஆர்க்ஸ்', 'இன்ஃபோ லோக்கல்ஸ்' ரெண்டையும் ஒரே பேருக்குள்ள அடக்கிடலாம், 'என்ட்' போட்டு முடிக்கணும். பேர் வெக்கறதுக்கு முன்னாடி 'ஹெல்ப்' போட்டு அந்த பேர் ஏற்கனவே கமாண்டா இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க.